காப்பிக் கெண்டிக்கு மூக்கு நீவிய கதை

கொன்றைக்கோட்டை ராஜாவுக்கு ஒரே மகள். சம்பந்தம் பேச வடக்குச் சீமை ராஜா வருகிறார் என்றதும், அவர் காப்பி குடிக்கவென்றே இவர் வெள்ளியில் ஒரு செட்டு செய்யச் சொல்லி, மேலே தங்க முலாமும் பூசச் சொன்னார். காப்பிக்கு உயரமாய் ஒரு கெண்டி, டீக்குக் குண்டாய் ஒரு கெண்டி, பாலுக்குக் குட்டி ஜாடி, சர்க்கரைக்குக் கிண்ணம், அப்புறம் கோப்பைகள். வெயிலில் வைத்தால் பார்க்கிறவர் கண் கூசும்.

அரண்மனைச் சாமான் அறைக்குப் பொறுப்பு தாண்டவமூர்த்தி. செட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் வேலை போய்விடும் என்று ராஜா அவரிடம் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் பல்வலி. வைத்தியரிடம் போகுமுன் வேலையாட்கள் ஒச்சன், சடையன், பேச்சிமுத்து மூன்று பேரையும் கூப்பிட்டார். வேறு ஆள் அகப்படவில்லை.

“இதைப் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கணும். தெரிஞ்சுதா?”

தெரிந்தது என்றார்கள். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்று பேரும் செட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இதில் எது மூத்தது என்று முதலில் பேச்சு வந்தது. உயரத்தை வைத்துப் பார்த்தால் காப்பிக் கெண்டிதான் தலைச்சன் என்று முடிவானது. சர்க்கரைக் கிண்ணத்துக்கு மூக்கே இல்லையே என்று பேச்சிமுத்து கண் கலங்கினான். அதை வைத்துக்கொண்டு யாரும் மூக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒச்சன் கண்டித்தான்.

அப்புறம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அதில் சடையன் கெட்டிக்காரன். அவன் வீட்டில் பிள்ளைகள் நிறைய. பெண்டாட்டி குளிப்பாட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். காலை நீட்டி, அதன்மேல் காப்பிக் கெண்டியைக் குப்புறப் போட்டு, முதுகில் வெந்நீர் ஊற்றினான். ஊற்றும்போதுதான் கவனித்தான்.

“அண்ணே, மூக்கு வளைஞ்சு கெடக்கே. பெரிய எடத்துப் பிள்ளை. நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“பச்ச உடம்புலயே நீவி விட்டுரணும்டா,” என்றான் ஒச்சன். “முத்திப்போச்சுன்னா நிமிராது.”

நீவினார்கள். மசியவில்லை. சடையன் கெண்டியைக் கட்டிப் பிடிக்க, மற்ற இரண்டு பேரும் மூக்கைப் பிடித்து இழுத்தார்கள். டக்கென்று ஒரு சத்தம். மூக்கு நேராகிவிட்டது. அது உடம்போடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு விரிசல்.

“நெட்டி முறிக்குதுண்ணே,” என்றான் பேச்சிமுத்து.

துவட்டி எடுத்துச் சாம்பிராணி காட்டினார்கள். ஈரம் போகவில்லை என்று இன்னும் அள்ளிப் போட்டார்கள். புகை விலகியபோது செட்டு முழுக்கக் கறுத்திருந்தது. பிறந்தபோது எல்லாப் பிள்ளையும் பளபளவென்றுதான் இருக்கும், போகப்போகத்தான் அப்பன் நிறம் வரும் என்று ஒச்சன் விளக்கினான். செட்டு செய்த தட்டார் நல்ல கறுப்பு என்று சடையனும் ஒத்துக்கொண்டான்.

கண் படாமலிருக்க எல்லாவற்றுக்கும் மைப்பொட்டு வைத்தார்கள். காப்பிக் கெண்டிக்கு ஒரு கோமணம் கட்டித் தூளியில் போட்டு ஆட்டினார்கள்.

தாண்டவமூர்த்தி வீங்கின கன்னத்தோடு திரும்பவும், வடக்கு ராஜாவின் வண்டி வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தார். பல்வலி அந்த நிமிஷமே நின்றுவிட்டது. தேய்த்து விளக்க நேரமில்லை. காப்பியை ஊற்றி எடுத்துக்கொண்டு வாங்கடா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒச்சன் காப்பிக் கெண்டியைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே சபைக்குள் வந்தான். காப்பி ஊற்றச் சொல்லி ராஜா கண்ணைக் காட்டினார்.

“இப்பத்தான் கண் அசந்துச்சு, மகாராஜா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

சபையே அடங்கிவிட்டது. வடக்கு ராஜா மட்டும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். முழிக்காமல் மெதுவாகக் கொடு என்று சைகை காட்டி, மடியில் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பட்டு வேட்டி சூடாக நனைந்தது.

தாண்டவமூர்த்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வேலை போச்சு, ராஜா மகள் கல்யாணமும் போச்சு என்று நினைத்தார்.

வடக்கு ராஜா அசையவே இல்லை. அசைந்தால் முழித்துக்கொள்ளுமே. பிள்ளை மடியை நனைத்தால் நல்ல சகுனம், முகூர்த்தத்துக்கு நாள் பாருங்கள் என்று கிசுகிசுத்தார். சபையும் கிசுகிசுவென்று சம்மதம் சொன்னது. கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றிக் கெண்டிக்குப் போட்டுவிட்டு, பேர் என்ன என்று கேட்டார்.

பதில் சொன்னது தாண்டவமூர்த்தி.

“இன்னும் வைக்கல, மகாராஜா. தாய்மாமன் வரட்டும்னு இருக்கோம்.”

அன்றைக்கே மாமனைத் தேடி ஆள் போனது. தட்டார் பெண்டாட்டியின் அண்ணன் பொட்டல்பட்டியில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். முகம் சிவந்துபோய், வெற்றிலைக் கட்டைக் கீழே வைத்தார்.

“பிள்ளை பொறந்து இத்தனை நாளாச்சு. மாமன்காரனுக்கு இப்பத்தான் சொல்லணும்னு தோணுச்சாக்கும்?”