பதினேழு மண்புழு

பண்ணையார் பொன்னுரங்கத்துக்குச் சிறந்த விவசாயி பட்டம் வேண்டும். பண்ணையாள் அங்கமுத்துவைக் கூப்பிட்டார்.

"பட்டம் குடுக்கறதுக்கு நாளைக்கு விவசாய ஆபீசர் மண்புழு எண்ண வர்றாரு. நம்ம மண்ணுல பத்துப் புழுவாவது இருக்கணும். இல்லேன்னா வேலைக்கு வராதே."

உப்புப் பூத்துக் கிடந்த வயல் அது. அங்கே புழுவைக் கண்டு பதினைந்து வருஷமாச்சு.

மறுநாள் அங்கமுத்து கொண்டுவந்த கூடை மண்ணில் பதினேழு புழு நெளிந்தன.

"நம்ம வயல் மண்ணாக்கும்" என்று மீசையைத் தடவினார் பண்ணையார்.

"எந்த இடத்துல எடுத்தீங்க?" என்றார் ஆபீசர்.

"வயல் மூலையில, பெரியய்யா சமாதிகிட்டங்க. அப்பா மேல விஷம் படக்கூடாது, அங்க மட்டும் உரமும் மருந்தும் போடாதேன்னு ஐயாதான் சொன்னாருங்க" என்றான் அங்கமுத்து.

பண்ணையார் தலை குனிந்தார். ஆபீசர் நோட்டை மூடினார்.

அங்கமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்ச வயலுக்கெல்லாம் மருந்தடித்தது அவன் கைதான்.