சூசை மாஸ்டரின் நாற்காலி

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு திட்டம் எழுதி முடித்த கையோடு மங்கையர்க்கரசி தன் குருவைப் பார்க்கப் போனாள்.

குரு என்றதும் காவியையும் தாடியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சூசை மாஸ்டர் ட்ராக் பேன்ட் போடுகிறவர். பஞ்சாலைகள் நிறைந்த ஒரு சின்ன ஊரில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறார். அரசியின் கையில் முதன்முதலில் பந்தைக் கொடுத்தவர் அவர்தான். அதன்பிறகு அவள் தேசிய அணிக்கு ஆடினாள், கேப்டனாக இருந்தாள், நாற்பது வயதுக்குள் பேர் சொல்லும் பயிற்சியாளராகவும் ஆகிவிட்டாள்.

இப்போது தேசிய மகளிர் அணியை அடியிலிருந்து வளர்த்தெடுக்கும் பொறுப்பை அவளிடம் கொடுக்கலாமா என்று ஒரு குழு யோசித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அந்தக் குழுவின் முன்னால் அவள் பேச வேண்டும். ஒத்துக்கொண்டால் அவள் கனவு கண்ட வேலை. இல்லையென்றால், இரண்டே வருஷத்தில் பதக்கம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லத் தயாராக நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

சனிக்கிழமை காலை அவள் மைதானத்துக்குள் நுழைந்தபோது, பதினாலு வயதுக்குட்பட்டோர் போட்டியின் அரையிறுதிக்கு மாஸ்டர் தயாராகிக்கொண்டிருந்தார். சிமென்ட் படிக்கட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"வா அரசி. டீ குடிச்சியா?"

"அது கிடக்கட்டும் மாஸ்டர். ஒரு கேள்வி கேக்கத்தான் வந்தேன்."

"கேளு."

"என் திட்டத்துல மூணாவது பக்கம்தான் உசுரு. பதினாறு வயசு வரைக்கும் யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. உயரமான பிள்ளைன்னு யாரையும் ரிங் அடியிலயே நிறுத்தி வைக்கக் கூடாது. எல்லாரும் பந்தைக் கொண்டு வரணும், எல்லாரும் பாஸ் கொடுக்கணும். இதுல முதல் நாலு வருஷம் தோப்போம். நல்லாவே தோப்போம்."

மாஸ்டர் தலையசைத்தார். அவள் ஏன் அப்படி எழுதினாள் என்பது அவருக்குத் தெரியும். பதினாலு வயதில் ஆறடி இருந்த அரசியை மாநில முகாமுக்கு அழைத்துப்போனவர்கள் நேராக ரிங்குக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்கள். பந்து மேலிருந்து வந்தால் பிடிப்பாள், திரும்பிப் போடுவாள். இங்கே அது போதுமானதாக இருந்தது. வெளிநாட்டில் போய் ஆடியபோது அவளைவிட ஒரு சாண் உயரமானவர்கள் எதிரே நின்றார்கள், அவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் செய்தார்கள். தரையில் பந்து தட்டத் தெரியாமல் நின்ற அந்த மாலை நேரங்களை அரசி இன்னும் மறக்கவில்லை.

"பொறுமையா வளர்க்கிற திட்டம் மாஸ்டர் இது. குழுவுல இருக்கிறவங்க எல்லாம் அவசரக்காரங்க. அவங்களை எப்படி நம்ப வைக்கிறது?"

நடுவர் விசில் ஊதினார். "ஆட்டம் முடியட்டும்" என்று மாஸ்டர் எழுந்து போனார்.

மாஸ்டரின் அணியில் மோனிஷா என்று ஒரு பெண். பதிமூன்று வயதுதான், அதற்குள் மற்ற பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். அவள் ரிங் அடியில் நின்றால் பந்தைப் பறிக்க அந்த மாவட்டத்தில் ஆளில்லை. மாஸ்டரோ அவளைப் பந்து கொண்டு வர வைத்திருந்தார். நெட்டைப் பிள்ளை குனிந்து குனிந்து பந்தைத் தட்டிக்கொண்டு வருவாள். எதிரணியில் வாண்டு மாதிரி இருக்கும் ஒருத்தி குறுக்கே புகுந்து தட்டிக்கொண்டு போய்விடுவாள். தட்டாவிட்டால், எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை என்று நடுவர் கையை உயர்த்துவார்.

"அன்பான ரசிகப் பெருமக்களே, நம்ம ஊர்ப் பிள்ளை மறுபடியும் பந்தை விட்டிருச்சு" என்றது மைக்.

"மாஸ்டர், அந்தப் பிள்ளையை ரிங் அடியில நிறுத்துங்க!" என்றது படிக்கட்டு.

பாதி ஆட்டத்தில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தார்கள். மாஸ்டர் தன் நாற்காலியை விட்டு எழுந்தார். அரசியைக் கூப்பிட்டார்.

"உட்காரு."

"எதுக்கு மாஸ்டர்?"

"மிச்ச ஆட்டத்தை நீ நடத்து."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு முதல் படிக்கட்டில் போய் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

மூன்றாவது குவார்ட்டரில் அரசி தன் திட்டப்படிதான் நடத்தினாள். மோனிஷா கொண்டு வந்தாள், விட்டாள், கொண்டு வந்தாள், விட்டாள். வித்தியாசம் பதிமூன்றாக ஆனது. படிக்கட்டின் கூச்சல் இப்போது அரசியின் பெயரைச் சொல்லியே வந்தது. "நேஷனல் பிளேயருக்கு இதுகூடவா தெரியல?" என்று யாரோ கேட்டார்கள். அவளுக்குக் காது மடல் சூடானது. தோற்பது அவளுக்கு எந்த வயதிலும் பிடித்ததில்லை.

இந்த ஒரு ஆட்டம் மட்டும் என்று நினைத்தாள். பயிற்சியாளர்கள் எல்லாரும் நினைப்பதுதான்.

கடைசிக் குவார்ட்டர் தொடங்கும் முன் மோனிஷாவின் தோளைத் தொட்டாள். "நீ போய் ரிங் அடியில நில்லு. பந்து உன்னைத் தேடி வரும்."

அப்புறம் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். பந்து மேலே போகும், மோனிஷா கை நீட்டுவாள், அவ்வளவுதான். மூன்று புள்ளியில் ஜெயித்தார்கள். மைக்காரர் தொண்டை கட்டும் வரை கத்தினார். அரசியும் குதித்தாள். இத்தனை வருஷம் கழித்தும் ஜெயிப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

மோனிஷா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "தேங்க்ஸ்க்கா."

"நீதானே ஆடுன, எனக்கு எதுக்கு?"

"இனிமே நான் பந்தைக் கொண்டு வர வேணாம்லக்கா? எனக்கு அது வரவே வராதுக்கா. எனக்கே தெரியும்."

எவ்வளவு நிம்மதியாகச் சொன்னாள்! அரசியின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் குரலை அவள் எங்கேயோ கேட்டிருந்தாள். அது பதினாலு வயதில் அவளுடைய குரலேதான்.

மாஸ்டர் கடலைத் தோலைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், ஒண்ணும் சொல்லாதீங்க."

"சொல்லல. நீ கேட்டதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். பன்னிரண்டு வருஷம் பொறுத்துக்கோங்கன்னு அவங்ககிட்ட கேக்கப் போற."

"ஆமா."

"கடைசிப் பத்து நிமிஷம் உனக்கே பொறுக்கலையே அரசி."

அன்று மத்தியானம் மாஸ்டர் வீட்டில் மீன் குழம்பு. அரசி சாப்பிட்டாளே தவிர, அதன் ருசி அவளுக்குத் தெரியவில்லை. எழுதுவதற்கு அவளுக்கு மூன்று மாதம் பிடித்த பக்கத்தை அவளே ஒரு நொடியில் கிழித்துப் போட்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. மாஸ்டர் இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தார்.

மாலையில் இறுதி ஆட்டம். கோப்பை வழங்கச் சிறப்பு விருந்தினராக வந்தவரைப் பார்த்ததும் அரசிக்குத் திக்கென்றது. வேதமூர்த்தி. திங்கட்கிழமை அவள் யார் முன்னால் பேச வேண்டுமோ, அந்தக் குழுவின் தலைவர்.

அவரே அவளிடம் வந்தார். "காலையில பிரமாதப்படுத்திட்டீங்களாமே? ஊரே சொல்லுது."

"அது வந்து, சார்..."

"உங்க திட்டத்தைப் படிச்சேன்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா குழுவுல எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க. எப்ப ஜெயிப்பீங்க? இன்னைக்குக் கோப்பையை ஜெயிச்சுக் காட்டுனீங்கன்னா எனக்கும் உங்களுக்காகப் பேச வசதியா இருக்கும்."

முன்வரிசை சோபாவில் போய் அமர்ந்தார். தோளில் பொன்னாடை பளபளத்தது.

அரசி மாஸ்டரைத் தேடினாள். அவர் ஏற்கெனவே அதே படிக்கட்டில், புதுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், உங்க டீம். நீங்க உட்காருங்க."

"காலையில நீ பாதிதான் நடத்துன. இப்போ முழுசா நடத்து."

"அவர் பாத்துக்கிட்டு இருக்கார்."

"நல்லதாப் போச்சு."

நாற்காலி காலியாக இருந்தது. அரசி ஒருமுறை சோபாவின் பக்கம் பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மோனிஷா ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டாள். "ரிங் அடிதானேக்கா?"

"இல்லம்மா. பந்தை நீதான் கொண்டு வரணும்."

அந்தப் பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. "அக்கா, தோத்துருவோம்க்கா."

"தோத்தா என்னைத் திட்டட்டும். நீ தலையைக் குனியாம கொண்டு வா. தட்டிட்டுப் போனா மறுபடி வாங்கு, மறுபடி கொண்டு வா. வேற எதுவும் நான் கேக்கல."

விளக்கெல்லாம் எரிந்தன. ஆட்டம் தொடங்கியது.

முதல் பந்தையே மோனிஷா பறிகொடுத்தாள்; இந்த அணியிலும் ஒரு வாண்டு இருந்தது. இரண்டாவது காலில் பட்டு வெளியே உருண்டது. காலையில் கொண்டாடியவர்கள் இப்போது எழுந்து நின்று கத்தினார்கள். "அந்தம்மாவுக்குக் காலையில இருந்த மூளை சாயங்காலம் எங்க போச்சு?" மைக்காரர்கூட மரியாதையாக ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார். வேதமூர்த்தி போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

அரசி நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் அந்த ஒரு வார்த்தை வந்து வந்து நின்றது. மோனிஷா, உள்ளே போ. சொன்னால் போதும், கோப்பை கைக்கு வந்துவிடும். வேலையும்கூட வந்துவிடும்.

கடைசிக் குவார்ட்டருக்கு முன் அவள் படிக்கட்டின் பக்கம் திரும்பினாள். "மாஸ்டர், ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் அவளை உள்ளே போடட்டுமா?"

"நாற்காலி உன்னுது" என்றார் மாஸ்டர்.

அவள் மோனிஷாவிடம் திரும்பினாள். பிள்ளையின் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. "உள்ளே போகச் சொல்லுங்கக்கா" என்று கெஞ்சியது அந்தக் கண். ஆனாலும் அரசி சொன்னாள். "கொண்டு வா கண்ணு. நான் இங்கதான் இருக்கேன்."

ஆட்டம் கை நழுவிப்போன பிறகுதான் அது நடந்தது. படிக்கட்டில் பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மோனிஷா பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். அந்த வாண்டுப் பிள்ளை வழக்கம்போல வலது பக்கம் பாய்ந்தது. மோனிஷா பந்தை இடது கைக்கு மாற்றினாள். ஒரே ஒரு எட்டு. வாண்டு பின்னால் நின்றது, நடுக்கோடு பின்னால் போனது. முதல்முறையாக மோனிஷா தலையை நிமிர்த்திக் களத்தைப் பார்த்தாள். மூலையில் தனியாக நின்ற தோழிக்கு நீளமாக ஒரு பாஸ் கொடுத்தாள்.

தோழி எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது.

பதினோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

மோனிஷா ஓடி வந்தாள், காலையில் வந்ததைவிட வேகமாக. "அக்கா பாத்தீங்களா? லெஃப்ட்லக்கா! லெஃப்ட் ஹேண்ட்ல போனேன்க்கா!"

"பாத்தேன்டி. பாத்தேன்." அரசி அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். வியர்வையும் கண்ணீரும் யாருடையது எது என்று தெரியவில்லை.

கோப்பையை எதிரணிக்குக் கொடுத்துவிட்டு வேதமூர்த்தி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"காலையில ஜெயிக்க வெச்ச பொண்ணை ஏன்மா இடம் மாத்துனீங்க?"

"மூணாவது பக்கத்துல எழுதியிருக்கேன் சார். காலையில நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

அவர் மைதானத்தைப் பார்த்தார். அங்கே ஆட்டம் முடிந்தும் போகாமல் மோனிஷா இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை கேக்குற கேள்வி மாறாதும்மா."

"தெரியும் சார்."

"பதில் சொல்லும்போது இன்னைக்குத் தோத்ததையும் சொல்லுங்க." பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "நான் பாத்தேன்னு நானும் சொல்றேன்."

கார் கிளம்பிப் போனது. கூட்டம் கலைந்தது. மாஸ்டர் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு வந்தார். இருவரும் மைதானத்தின் ஓரமாக நடந்தார்கள்.

"ஊர்க்காரங்க நாளைக்கு உங்களைத்தான் மாஸ்டர் திட்டுவாங்க."

"பழகிப்போச்சு."

"குழு ஒத்துக்குமான்னு இன்னும் தெரியல."

"ம்."

"ஒத்துக்கிட்டாலும், இந்த மாதிரி எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருக்கணுமோ!"

மாஸ்டர் நின்றார். மைதானத்தில் பந்து தரையில் படும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இடையிடையே தவறியது, மறுபடி தொடங்கியது.

"பன்னிரண்டு வருஷம்னுதானே எழுதியிருக்க?"

"ஆமா மாஸ்டர்."

"அதுல ஒரு நாள் முடிஞ்சுது."