கடலார் மூட்டை கட்டிய நாள்

வயதான அரசருக்கு வாரிசு இல்லை. ஒரு நாள் அவையைக் கூட்டினார். கிரீடத்தைக் கழற்றி அரியணைமேல் வைத்தார்.

"இத்தனை காலம் உங்களைக் கட்டி மேய்த்தது போதும். இனி உங்களை நீங்களே ஆண்டுகொள்ளுங்கள்" என்றார். மறுநாள் தம் மாந்தோப்பைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

நாட்டுக்குச் சட்டம் எழுதும் வேலை ஆதனாரிடம் வந்து சேர்ந்தது. அரண்மனையில் தலை நரைக்கும்வரை வழக்குத் தீர்த்தவர் அவர். நேர்மையானவர். ஒரே ஒரு தொல்லை, எதையும் வரிசைப்படுத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது. யார் முதலில், யார் அடுத்து, யார் கடைசி என்று தெரிந்தாக வேண்டும்.

அந்த நாட்டில் மூன்று குடிகள் வாழ்ந்தார்கள். மலையார் எப்போதிருந்து இருக்கிறார்கள் என்று மலைக்கே தெரியாது. வயலார், தாத்தாக்களின் தாத்தாக்கள் காலத்தில் ஏரும் மாடுமாக வந்தவர்கள். கடலார் நேற்று வந்தவர்கள். நேற்று என்றால், இப்போது பேரன் எடுத்துவிட்ட மீரான், தன் வாப்பாவின் தோளில் உட்கார்ந்து கரையிறங்கிய காலம்.

ஆதனாரின் முதல் சட்டத்தைப் பறையறைந்து சொன்னார்கள். இந்த மண்ணில் மூன்று தலைமுறையாகப் பிறந்தவர்களுக்கே அவையில் பேசும் உரிமை. கடமை மட்டும் எல்லாருக்கும் பொது.

விடிந்ததும் கடலார் மூட்டை கட்டினார்கள்.

ஆதனார் மூச்சிரைக்க, ஊரார் யோசனை கேட்கப் போகும் அல்லியம்மையின் குடிசைக்கு ஓடினார். அம்மைக்கு ஆதனாரின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும், எப்போதோ ஒரு முறை அம்மையின் பேச்சைக் கேட்டதிலிருந்து ஆதனார் தம்மை அவருடைய சீடர் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை நினைத்தாலே அம்மைக்குச் சிரிப்பு வரும்.

"அம்மையே, உரிமை முதலா, கடமை முதலா? அது தெரியாமல்தான் எங்கோ பிசகிவிட்டேன்."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார்.

"கரையில் என்ன நடக்கிறது?"

"மூட்டைகளைப் படகில் ஏற்றுகிறார்கள்."

"வாருங்கள், போவோம். அவசரத்தில் எதையாவது விட்டுவிட்டுப் போய்விடப் போகிறார்கள்."

கரையில் படகுகள் தண்ணீரில் இறக்கப்பட்டு ஆடிக்கொண்டிருந்தன. மீரான் இடுப்பளவு நீரில் நின்று சட்டி பானைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஆதனாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போயே ஆகணுமா, மீரான்?" என்றார் அம்மை.

"வேலை செய், வரி கட்டு, வாயை மட்டும் தைச்சுக்கோன்னா, அது என்ன பொழைப்பும்மா?"

"நியாயம்தான். உங்கள் பொருள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டீர்களா?"

"ஒரு அகப்பையைக்கூட விடலை."

"நல்லக்காள் வீட்டு மாட்டைப் பார்த்தேன். அதைக் கட்டியிருக்கும் முடிச்சு, படகு கட்டுகிற முடிச்சு மாதிரி இருக்கிறதே?"

மீரான் யோசித்தார். "எங்க வாப்பா சொல்லிக்கொடுத்தது."

"அப்படியானால் உங்களுடையது. போய் அவிழ்த்துக்கொண்டு வாருங்கள்."

ஆதனாருக்குப் பகீரென்றது. சமாதானம் பேசுவார் என்று அழைத்துவந்தால், வழியனுப்பி வைக்கிறாரே!

கோபத்தில் இருந்தவருக்கு யோசனை ஏது? மீரான் விடுவிடுவென்று போய் முடிச்சை அவிழ்த்தார். மாடு நேராகக் கத்தரித் தோட்டத்தில் புகுந்தது. நல்லக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பின்னாலேயே கரைக்கு வந்துவிட்டாள். வயலாரில் அவள் குரலுக்குப் பயப்படாதவர்கள் குறைவு.

"முடிச்சு உங்களுதா? சரி. உங்க வீட்டம்மா பாடுற தாலாட்டு எங்க பாட்டு. அதை வச்சிட்டுப் போகச் சொல்லுங்கண்ணே!"

படகில் இருந்த மீரானின் மனைவி ஆமினா எழுந்து நின்றாள். "பாட்டை எப்படிடி திருப்பித் தர்றது?"

"பாடித்தான்."

ஆமினா வீம்புக்குப் பாடினாள். பாதியில் அலையையும் தோணியையும் பற்றி ஒரு வரி வந்தது. நல்லக்காள் கையை உயர்த்தினாள்.

"இரு, இரு. இந்த வரி எங்ககிட்ட இல்லையே?"

"அது நான் போட்டது."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் நல்லக்காள், வேறு வழியில்லாமல்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. சந்தைக்கு வந்திருந்த மலையார் தலைவன் கோடன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"படகு ஓட்டையை அடைச்சிருக்கிற குங்கிலியப் பிசின் எங்க காட்டுது. சுரண்டிக் குடுத்துட்டுப் போ."

"சுரண்டினா படகு முங்கிடுமேப்பா!" என்றார் மீரான்.

"அது உன் பாடு. எங்க பொருளைத்தானே கேக்குறேன்?"

"அப்போ இத்தனை வருஷமா நீ தின்ன எங்க உப்பு? அதை எடு!"

கோடன் திகைத்தான். தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான். "அது வேர்வையாப் போயிருச்சே."

முதலில் சிரித்தது மீரான்தான். அப்புறம் கரை முழுக்கச் சிரித்தது. ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் தன் ஊறுகாய்ப் பக்குவத்தைக் கேட்டார். இன்னொருத்தி, கடலார் பிள்ளையின் காயத்துக்குத் தான் கட்டிய பச்சிலையைக் கேட்டாள். கேட்டதில் ஒன்றைக்கூட யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

அந்தச் சத்தத்தில், ஆமினாவின் இடுப்பில் இருந்த பேரப்பிள்ளை கரையைப் பார்த்துக் கைகளை நீட்டி அழுதான். நல்லக்காளின் மகள் வடிவு அங்கே நின்றிருந்தாள். அவனைப் பெற்றவள் காய்ச்சலில் படுத்த மழைக்காலம் முழுக்க, வடிவுதான் தன் பிள்ளையோடு அவனுக்கும் பால் கொடுத்தாள்.

சிரிப்பு நின்றது.

"இதை எப்படித் திருப்பித் தர்றதும்மா?" என்று மீரான் அம்மையிடம் கேட்டார்.

"இங்க யாரு கேட்டா?" என்றாள் வடிவு. தண்ணீரில் இறங்கிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆதனாரும் தண்ணீரில் இறங்கினார்.

"மீரான், அந்தச் சட்டத்தை எழுதியவன் நான். தப்பு என்னுடையது. இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். திரும்பி வாருங்கள்."

"பேசிட்டு வரவா, வந்துட்டுப் பேசவா?"

"எப்படி வேண்டுமானாலும் வாருங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்."

மீரான் படகில் இருந்தவர்களைப் பார்த்து, "இறக்குங்கப்பா மூட்டையை!" என்று குரல் கொடுத்தார்.

காற்று வலுத்துவிட்டிருந்தது. படகுகளை மேட்டுக்கு ஏற்றாவிட்டால் அலை அடித்து உடைத்துவிடும். கயிறு வீசப்பட்டது. மலையாரும் வயலாரும் கடலாரும் பிடித்து இழுத்தார்கள். ஆதனாரும் பிடித்தார். அவருக்கு முன்னால் முண்டாசு கட்டிய ஒருவர் நின்றிருந்தார். முகம் புதிதாக இருந்தது.

"ஐயா எந்தக் குடி?"

"புளி விக்க வந்தேனுங்க. காலையிலதான் இந்த நாட்டுக்குள்ள கால் வச்சேன்."

"அப்படியானால் உமக்கு இங்கே..."

"படகு நழுவுது! பேசாம இழுங்கய்யா!"

படகுகள் எல்லாம் கரையேறின. ஆமினாவும் நல்லக்காளும் சேர்ந்து கஞ்சி காய்ச்சினார்கள். ஆதனார் உள்ளங்கைக் கொப்புளங்களை ஊதிக்கொண்டே அம்மையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மையே, ஒரு சந்தேகம்."

"இன்னுமா?"

"மூன்று தலைமுறையை எடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் புளி வியாபாரி இன்று காலை வந்தவர். அவருக்கு இங்கே கடமை ஒன்றும் கிடையாது. இருந்தும் இழுத்தார். அவருக்கு அவையில் பேச உரிமை உண்டா, இல்லையா? என்னவென்று எழுத?"

"கயிறு இழுக்கும்போது உங்களிடம் ஏதோ சொன்னாரே?"

"பேசாமல் இழுங்கள் என்றார்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"பேசாமல் இழுத்தேன்."

அம்மை கஞ்சிக் கலயத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சட்டம் எழுதுகிறவரையே பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார், ஆதனாரே. இனிமேலா நீங்கள் அவருக்குப் பேச உரிமை கொடுக்கப் போகிறீர்கள்?"