இழுத்த கைப்பிடி

“என்னைய எப்பதான் தனியா பறக்க விடுவீங்க, கேப்டன்?”

கேட்டவர் லிகோரி மச்சாடோ. தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி முதலாளி. ஐம்பத்தாறு வயதில், விமானம் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர்.

குரு கேப்டன் நஸ்ரினுக்கு வயது இருபத்தெட்டு.

“எஞ்சினுக்குள்ள ஐஸ் கட்டினா என்ன செய்வீங்க, சார்?”

லிகோரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“முப்பது வருசமா எனக்கு ஐஸ்தான் தொழில். இந்த வேக்காட்டுல ஐஸ் கட்டும்னு என்னட்டயேவா சொல்லுதீங்க?”

“ஈரக்காத்து சார். கார்புரேட்டர்ல கட்டும். இந்தக் கைப்பிடிய இழுத்தா சூடான காத்து போய் அதை உருக்கும். முதல்ல இன்னும் மோசமாகும். அப்புறம்தான் சரியாகும். இழுத்தா இழுத்ததுதான், தள்ளக்கூடாது.”

“பூ, இவ்வளவுதானா?” என்றார் லிகோரி.

அன்றைக்கே உப்பளங்களுக்கு மேலே வேகம் குறைத்து இறங்கும்போது எஞ்சின் இருமியது.

கைப்பிடியை இழுத்தார். விமானம் ஓட்டை ஆட்டோ மாதிரி உதறியது.

பதறிப்போய் உள்ளே தள்ளினார். உதறல் குறைந்தது. கூடவே எஞ்சின் சத்தமும் குறைந்தது.

“கேப்டன், எஞ்சின் நிக்கப் போவுது!”

நஸ்ரின் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிகோரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகப்போகிற நேரத்தில் இப்படி ஒரு சொகுசா?

“இழுங்க” என்றார் நஸ்ரின்.

இழுத்தார். முன்னைவிட மோசமாகக் குலுங்கியது. கீழே உப்புக் குவியல்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

“தள்ளிரட்டா?”

நஸ்ரினின் கைகள் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன.

“பனிமய மாதாவே!”

பனியைப் பற்றிய புகாரைப் பனிமய மாதாவிடமே கொடுத்துவிட்டு, கண்ணை மூடாமல், கையை எடுக்காமல் இருந்தார்.

எஞ்சின் கமறியது. துப்பியது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓட ஆரம்பித்தது.

தரையிறங்கி நின்றதும் லிகோரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“நான் தனியா போக லாயக்கில்ல, கேப்டன். கடைசி வரைக்கும் தள்ளிரு தள்ளிருன்னுதான் கை துடிச்சுது. நீங்க எப்படித்தான் கைய அடியில போட்டுட்டு நிம்மதியா உக்காந்திருந்தீங்களோ!”

“நிம்மதியாவா? என் கை வெளிய இருந்திருந்தா அதுவே தள்ளியிருக்கும், சார்.”

நஸ்ரின் கதவைத் திறந்து இறங்கினார்.

“இப்ப நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”