சீனியம்மா கவிழ்க்காத பானை

அந்தக் காலத்தில் கொசுவும் மனுஷரோடு நின்று பேசும். மனுஷரும் கை ஓங்குமுன் என்ன ஏது என்று கேட்பார்கள். அப்போது கொசு என்றால் ஒரே வகைதான். சாக்கடையில் பிறக்கும், இருட்டியபின் வந்து கடிக்கும், விடிந்தால் போய்விடும். அது தூக்கத்தைத்தான் கெடுத்தது, உயிரை எடுத்ததில்லை.

மழை அரிதான ஒரு கரிசல் ஊரில் சீனியம்மா என்று ஒருத்தி இருந்தாள். கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து அவள் புருஷன் அய்யாத்துரை செத்துப்போனான். அவளுக்கு மிச்சம் இருந்தது மகள் பவளம் மட்டும்தான். பல் விழுந்து முளைக்கிற வயசு.

அந்த ஊரில் ஒரு வழக்கம். செத்தவருக்குத் தாகம் எடுக்கும் என்று வீட்டு மூலையில் ஒரு பானைத் தண்ணீர் வைப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அதைக் கவிழ்த்துவிட வேண்டும். சீனியம்மாவுக்குக் கை வரவில்லை. மண்ணுக்குள் மூச்சு முட்டிக் கிடந்தவன் கடைசியில் தண்ணீர்தான் கேட்டிருப்பான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. வற்ற வற்ற ஊற்றி வைத்தாள்.

பக்கத்து வீட்டில் இருந்த அய்யாத்துரையின் அக்காள் வேலம்மா சொல்லிப் பார்த்தாள். "எந்தம்பி போய்ச் சேர்ந்துட்டான். அதக் கவுத்திரு தாயி."

"இருக்கட்டும் மதினி. அதுபாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கு. யாரை என்ன செய்யுது?"

ஒருநாள் பெண்கொசு ஒன்று வந்து அந்தப் பானை விளிம்பில் உட்கார்ந்து அழுதது. அழுது காரியம் சாதிப்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது.

"எனக்குச் சாக்கடை ஆகாது தாயே. நாத்தம் கொடலப் பொரட்டுது. முட்ட வைக்க அசையாத நல்ல தண்ணி கொஞ்சம் போதும். இந்த ஊர்ல யாரும் தொடாத தண்ணி இது ஒண்ணுதான். எம்பிள்ளைகளும் பிள்ளைகதான?"

பிள்ளைகள் என்றதும் சீனியம்மாவின் மனசு இளகிவிட்டது. இருந்தாலும் பெற்றவள் அல்லவா, சும்மா விடவில்லை.

"விளக்கு வச்ச பெறகு இந்த வீட்டுல யாரையும் தொடக்கூடாது. துன்னூறு மேல சத்தியம் பண்ணு."

கொசு திருநீற்றுக் கிண்ணத்தில் இறங்கிக் காலை ஊன்றிச் சத்தியம் செய்தது. ஆறு காலிலும் முதுகிலும் நீறு ஒட்டிக்கொண்டது. பகலைப் பற்றிச் சீனியம்மா கேட்கவில்லை. பகலில் கடிக்கிற கொசுவை அதுவரை யாரும் கண்டதில்லை, அவள் எப்படிக் கேட்பாள்? கொசு அதையும் யோசித்துத்தான் தலையாட்டியது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கொஞ்ச நாளில் உப்பு விற்கிற வண்டிக்காரர் ஒருவர் காய்ச்சலோடு வந்து, சீனியம்மா வீட்டு வேப்பமர நிழலில் படுத்துக் கிடந்தார். கொசு பட்டப்பகலில் போய் அவர் ரத்தத்தைக் குடித்தது. அவர் தெம்பு வந்து வண்டியைக் கட்டிக்கொண்டு போனார். பிறகு ஒரு காலைநேரம், சுவரோரம் சொப்பு வைத்து விளையாடிய பவளத்தின் கெண்டைக்காலில் அதே கொசு உட்கார்ந்தது.

பவளத்துக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது.

"கண்ணுக்குப் பின்னால குத்துதும்மா. எலும்பெல்லாம் ஒடியுது."

சீனியம்மா ஈரத்துணி போட்டாள், கஞ்சித்தண்ணி கொடுத்தாள், கண்ணை மூடாமல் காத்தாள். ஒருநாள் விடிகாலையில் நெற்றியைத் தொட்டால் சூடு இல்லை. ஓடிப்போய் வேலம்மாவிடம் சொன்னாள். "மதினி, காய்ச்சல் விட்டுருச்சு. எம்பிள்ளை பொழச்சிருச்சு." அவ்வளவு சந்தோஷம்.

"வயிறு வலிக்குதும்மா" என்று பவளம் முனகினாள். இரண்டு தடவை வாந்தியும் எடுத்தாள். பட்டினி கிடந்த வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் தாய். எத்தனையோ நாள் தூங்காத உடம்பு. மத்தியானம் மகள் பக்கத்திலேயே தலையைச் சாய்த்தவள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் விழித்தாள். பிள்ளையின் கைகால் சில்லிட்டுக் கிடந்தது. ஈறில் ரத்தம் கசிந்து உதட்டில் காய்ந்திருந்தது. மூச்சு இல்லை. சூடு இறங்கிய பிறகுதான் அந்தக் காய்ச்சல் ஆளைக் கொல்லும் என்பது அவளுக்கு மட்டும் இல்லை, உலகத்தில் யாருக்குமே அன்றைக்குத் தெரியாது.

பவளத்தை எடுத்துப் போனபின் கொசு பானை விளிம்பில் உட்கார்ந்து சொன்னது. "நான் சத்தியம் தவறல தாயே. பகல்லதான் குடிச்சேன். உப்புக்காரர குடிச்ச வாயாலதான் உம்பிள்ளையயும் குடிச்சேன். அவர்கிட்ட இருந்தது எங்கூட வந்துருச்சு."

சீனியம்மா பானையைத் தூக்கி வாசலில் கொட்டினாள். தண்ணீரோடு விழுந்த புழுக்கள் துடித்துக் காய்ந்தன. காலிப் பானை கூரைத் தண்ணீர் சொட்டுகிற இறவாணத்தடியில் கிடந்தது. மாதங்கள் கழித்து மழை பெய்து அது நிறைந்ததும், திரும்பவும் உள்ளே புழு நெளிந்தது.

வேலம்மா பானைக்குள் கையை விட்டுத் தடவினாள். உள்சுவரில் கடுகை விடப் பொடியாகக் கறுப்பு முட்டைகள் ஒட்டியிருந்தன. "கொட்டுனா மட்டும் போகாது சீனி. கள்ளி ஒட்ட வச்சிட்டுப் போயிருக்கா."

தேங்காய் நாரும் மணலும் வைத்து இரண்டு பேரும் அதைத் தேய்த்தார்கள். பிறகு சீனியம்மா வீடு வீடாகப் போனாள். பிள்ளை இருக்கிற வீடாகப் பார்த்துப் போனாள். தண்ணீருக்கு ஏங்குகிற ஊரில் ஊரார் பானையைக் கவிழ்ப்பதா என்று ஏசினார்கள். அவள் ஏச்சை வாங்கிக்கொண்டே தேய்த்தாள். எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதோ அந்த வீட்டில் அன்று முழுக்க உட்கார்ந்து, பிள்ளையின் வயிற்றையும் ஈறையும் கைகாலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று முதல்தான் அந்தக் கொசு காலில் வெள்ளை வரியோடு பகலில் கடிக்கிறது. அன்று முதல்தான் தண்ணீர்ப் பானையை வாரம் ஒருமுறை கவிழ்த்து, தேய்த்து, காயவைத்து மூடுகிறார்கள். அன்று முதல்தான், காய்ச்சல் விட்டுவிட்டது என்று யார் சொன்னாலும், பெற்றவள் பிள்ளை பக்கத்தை விட்டு எழுந்திருப்பதில்லை.