இசக்கியம்மாவும் கண்ணு ஒட்டிப்போன பல்லியும்

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. பேரு இசக்கியம்மா. சும்மா கோவம் இல்ல கண்ணு, மூக்கு நுனியிலேயே உக்காந்திருக்கும். ஒரு நாலு மாடிக் கட்டடத்துக்குக் கீழ, மேஜை போட்டு, துணி தேய்ச்சுக் குடுக்கிறது அவ வேலை. இஸ்திரிப் பெட்டிய அவ 'ணங்'குனு வெக்கிற சத்தத்த வெச்சே, இன்னிக்கு யாரு மேல கோவம்னு மேல இருக்கிறவங்க யோசிக்க ஆரம்பிச்சிருவாங்க.

ம் சொல்லணும். ம் சொன்னாத்தான் கதை நகரும். ஆங், அப்படி.

அப்போ ஒரு நாள் காலையில, பெட்டியில இருந்த சாம்பலக் கொட்டக் குப்பைத்தொட்டிப் பக்கம் போறா. அங்க ஒரு கண்ணாடிப் பெட்டி கெடக்கு. உள்ள இருந்து 'சர்ர்... சர்ர்'னு என்னமோ பிராண்டுது. எட்டிப் பாத்தா, பல்லி.

நம்ம சுவத்துல ஓடுதே, அது இல்ல. இது ஒரு சாண் நீளம் இருக்கும். மஞ்சள் உடம்பு, கருப்புக் கருப்பாப் புள்ளி. கடையில வாங்கி ஆசைக்கு வளக்கிற வகை. இந்த வகைக்கு வாலு நல்லாக் கொழுத்து இருக்கணும், கண்ணு. இதுக்கு வத்தி, சுண்டி, காஞ்ச மொளகா மாதிரி கெடந்துச்சு. உடம்புல பழைய தோலு பாதி உரிஞ்சு, பாதி ஒட்டிக்கிட்டுத் தொங்குது. வெரல் நுனியில எல்லாம் தோலு நூலு மாதிரி இறுக்கிச் சுத்தியிருக்கு. ரெண்டு கண்ணையும் தோலு மூடி, காஞ்சு, மேல பொருக்குத் தட்டிப் போச்சு. அது கண்ணாடியில முட்டுது, திரும்புது, மறுபடி முட்டுது. டொக். டொக்.

இசக்கியம்மாவுக்குப் பல்லின்னாலே அருவருப்பு. ஆனா அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு அவளால நகர முடியல.

யாரு பெட்டின்னு அவளுக்குத் தெரியும். மூணாவது மாடியில இருந்த ஹரிகிருஷ்ணன் பெட்டி. முந்தின நாளுதான் வீடு காலி பண்ணிட்டுப் போனான். இசக்கியம்மா விறுவிறுன்னு மேல ஏறிப் போய்ப் பாக்குறா. வீடு தொறந்து கெடக்கு. பல்பக் கழட்டிட்டுப் போயிருக்கான். திரைச்சீலை மாட்டுற கம்பியக் கழட்டிட்டுப் போயிருக்கான். சுவத்துல அடிச்ச ஆணியக் கூட ஒண்ணு விடாமப் புடுங்கிட்டுப் போயிருக்கான். உசுரோட இருக்கிறத மட்டும் குப்பையில வெச்சுட்டுப் போயிட்டான்.

வந்துச்சு பாரு அவளுக்குக் கோவம். காது ரெண்டும் சூடாயிருச்சு.

அப்புறம் அந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு, மீனும் கிளியும் விக்கிற கடைக்குப் போனா. கடைக்காரரு எட்டிப் பாத்துட்டு, இதெல்லாம் தேறாது, இத விட்டுட்டு வேற ஒண்ணு வாங்கிக்கோன்னாரு. உங்க வீட்டுல யாருக்காவது கண்ணு வலிச்சாலும் இதத்தான் சொல்லுவீங்களான்னு கேட்டுட்டு, அவரு பதில் சொல்றதுக்குள்ள வந்துட்டா.

திரும்பி வந்தா, கட்டடத்து செக்ரட்டரி நிக்குறாரு. எல்லாம் தெரிஞ்ச மனுசன். தோலு தான, உரிச்சு விட்டா முடிஞ்சுதுன்னு சொல்லிக்கிட்டே, இவ தடுக்குறதுக்குள்ள பெட்டிக்குள்ள கைய விட்டு, கால் வெரல்ல இருந்த தோல நகத்தால புடிச்சு இழுத்துட்டாரு. பல்லி 'கீச்ச்'னு கத்துச்சு. தோலோட ஒரு வெரல் நுனியும் சேந்து வந்துருச்சு. துளி ரத்தம், குண்டூசித் தலை அளவுக்கு.

இசக்கியம்மா அவரு கைய 'பட்'டுனு தட்டி விட்டா. இந்த மாசத்துல இருந்து உங்க சட்டைய நீங்களே தேய்ச்சுக்கோங்கன்னா. அவரு என்னமோ சட்டம் பேசிக்கிட்டே போனாரு. இவ பெட்டியத் தூக்கித் தன் பக்கம் வெச்சுக்கிட்டா. 

தூங்கிட்டியா? இல்லையா? சரி, ம் சொல்லு.

அப்புறம் விசாரிச்சு விசாரிச்சு, பஸ் புடிச்சு, பூனைக்கும் நாய்க்கும் வைத்தியம் பாக்குற ஒரு டாக்டரம்மாகிட்டப் போனா. பேரு நஸ்ரின். அந்தம்மா பெட்டியத் தொறந்து பாத்தாங்க. பாத்துட்டு இசக்கியம்மாவப் புடிச்சுத் திட்ட ஆரம்பிச்சாங்க பாரு. வாங்கத் தெரியுது, வளக்கத் தெரியலையா, பெட்டி இப்படியா வறண்டு கெடக்கும், ஈரம் இல்லேன்னா தோலு எப்படி உரியும், சத்து இல்லாம வெறும் புழுவப் போட்டா கண்ணு என்னத்துக்கு ஆகும்னு ஒரே திட்டு.

இசக்கியம்மாவ அப்படி யாரும் திட்டினது இல்ல.  ஆனா இந்தக் கோவம் சரியான கோவம்னு அவளுக்குப் பட்டுச்சு.

"திட்டுங்க டாக்டர். மருந்தச் சொல்லிட்டுத் திட்டுங்க," அப்படின்னா.

அப்புறந்தான் குப்பைத்தொட்டிக் கதையச் சொன்னா. டாக்டரம்மா திட்டுறத நிறுத்திட்டாங்க. மருந்துத் தண்ணிய எடுத்து, சொட்டுச் சொட்டாக் கண்ணு மேல விட்டாங்க. சொட்டு. சொட்டு. சொட்டு. இழுக்கவே கூடாது, ஊறி அதுவா நெகிழணும்னாங்க. வலது கண்ணு பொழைக்க வழி இருக்கு, இடது கண்ணுல உள்ள சீழ் வெச்சுருச்சு, சொல்ல முடியாதுன்னாங்க. ஒரு டப்பாவுல வாசல் மாதிரி ஓட்டை போட்டு, உள்ள ஈரத்துணி வெச்சு, அதுக்குள்ள பல்லி போய் இருந்துக்கிற மாதிரி செய்யச் சொன்னாங்க. பெட்டியில ஒரு பக்கம் மட்டும் இளஞ்சூடு இருக்கணும். புழுவச் சத்துப் பொடியில பொரட்டிக் குடுக்கணும்.

துணிக்கு எவ்வளவு ஈரம் வேணும், எந்தச் சூடு சுடும், எந்தச் சூடு இதமா இருக்கும், இதெல்லாம் இசக்கியம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒடஞ்ச கூரை ஓட்டுத் துண்டு ஒண்ண லேசாச் சுட வெச்சு, துணியில சுத்தி, மணிக்கட்டுல வெச்சுப் பாத்து, பெட்டிக்கு அடியில ஒரு ஓரமா வெச்சா. ஆறினா மாத்தினா. வெந்நிய வெதுவெதுப்பா வெளாவி, பல்லியோட காலக் கொஞ்ச நேரம் அதுல ஊற வெச்சா. அப்புறம் பஞ்சால மெல்ல உருட்டி உருட்டி எடுத்தா.

ஆனா வாய் மட்டும் ஓயல. "ஏ மூதேவி, காலக் காட்டு. ஏ சனியனே, தின்னு. எனக்கென்ன வேற வேலை இல்லையா?" கண்ணு மூடிக் கெடக்கே, அதுக்கு இரை தெரியாது இல்ல? அதனால புழுவ இடுக்கியில புடிச்சு, உதட்டுல தொட்டுத் தொட்டுக் காட்டணும். மொத நாள் வாயே தொறக்கல. கண்ணுக்கு மருந்து விட்டா. ஒண்ணும் ஆகல. ரெண்டாம் நாள் 'லபக்'குனு ஒரு புழு. கண்ணு அப்படியேதான் இருந்துச்சு. மூணாம் நாள் மருந்து விட்டு, பஞ்ச ஓரத்துல ஒத்துறா, வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோலு பஞ்சோட வந்துருச்சு. உள்ள கண்ணு. பொன்னிறத்துல, நடுவுல ஒரு கருப்புக் கோடு. அவளையே பாக்குது. இந்த வகைப் பல்லிக்கு நம்மள மாதிரி இமை உண்டு, தெரியுமா? அது ஒரு தடவ இமைய மூடித் தொறந்துச்சு.

இசக்கியம்மா பஞ்சக் கீழ வெச்சுட்டு, அந்தப் பக்கமாத் திரும்பி மூக்கத் தொடச்சுக்கிட்டா.

இடது கண்ணு வரல. டாக்டரம்மா எவ்வளவோ பாத்தாங்க. அது போயிருச்சு. வெரல்லயும் ரெண்டு போச்சு.

அப்புறம் ஒரு மாசம் ஆச்சு. பல்லி வெளுத்துச்சு. அடுத்த தோலு உரியப் போவுது. இசக்கியம்மா அன்னிக்கு யாருகிட்டயும் பேசல, யாரையும் திட்டவும் இல்ல. தேய்க்கிறா, எட்டிப் பாக்குறா, தேய்க்கிறா, எட்டிப் பாக்குறா. பல்லி அந்த ஈர டப்பாவுக்குள்ள போச்சு. வெளிய வரும்போது பழைய தோலச் சட்டை மாதிரி கழட்டிக்கிட்டே வருது. கழட்டி, அதையே 'நறுக் நறுக்'னு தின்னு தீத்துருச்சு. உள்ள புதுப் புள்ளியெல்லாம் பளபளன்னு மின்னுது.

அந்த வாரந்தான் ஹரிகிருஷ்ணன் வந்தான். பல்லியத் தேடி வந்தான்னு நெனச்சியா? இல்ல. தேய்க்கக் குடுத்திருந்த ரெண்டு சட்டைய மறந்துட்டானாம். அத வாங்க வந்தான்.

இசக்கியம்மா சட்டைய எடுக்கல. மேஜைக்கு அடியில கெடந்த துணிய விலக்கி, பெட்டியக் காட்டினா. அவன் முகம் வெளுத்துருச்சு. வேலை வேலைன்னு அலைஞ்சு அதக் கவனிக்காம விட்டதையும், ஒரு நாள் திடீர்னு பாத்தப்போ அப்படி ஆயிருந்ததையும் திக்கித் திக்கிச் சொன்னான்.

"செத்துரும்னு நெனச்சேன்க்கா. என்னால பாக்க முடியல."

"பாக்க முடியாமக் கெடந்தது அது. நீ இல்ல."

அவ சத்தம் போட்டுச் சொல்லல, கண்ணு. மெதுவாத்தான் சொன்னா. அதுதான் அவனுக்கு வலிச்சுச்சு. அப்படியே குத்துக்கால் வெச்சு உக்காந்துட்டான். பல்லி ஒத்தக் கண்ண அவன் பக்கம் திருப்பிப் பாத்துட்டு, டப்பாவுக்குள்ள போயிருச்சு.

"மன்னிச்சிருங்கக்கா," அப்படின்னான்.

"மன்னிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை தோறும் புழு வாங்கிட்டு வா."

அவன் வந்தான். அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்தான். மழை ஊத்துன அன்னிக்குக் கூட, புழு டப்பாவச் சட்டைக்குள்ள ஒளிச்சுக்கிட்டு நனைஞ்சு வந்தான். இசக்கியம்மா டப்பாவ வாங்குவா, இடுக்கிய அவன் கையில குடுப்பா, அவன் ஊட்டுவான். வாலு கொழுத்துக்கிட்டே வந்துச்சு. அவகிட்ட இருந்து ஒரு வார்த்தை? கெடையாது. வருசம் ஒண்ணு ஆச்சு. இன்னும் கோவமாத்தான் இருக்கா, அவனும் இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கான்.

என்ன, ம் காணோம்? அப்போ கதையும் இதோட அடங்கிச்சு. கண்ண மூடு ராசா, தூங்கு.