யானைக் கொட்டடியில் ராஜா படித்த பாடம்

ரொம்ப காலத்துக்கு முந்தி, வேலங்குளம் நாட்டைக் கடம்பராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் சொன்னது மாலையில் மாறிவிடும். ஒருநாள் எவனோ ஒருவன், கஷாயம் காய்ச்சும் முறை எழுதிய ஓலையை நீட்டி, "நான் அயல்நாட்டுத் தூதன்" என்று சொல்லிக் கோட்டைக்குள் நுழைந்தான். ராஜ விருந்தும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். வாசல் காவலர்கள் இருபது பேருக்கும் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பது அப்புறம்தான் ராஜாவுக்குத் தெரிந்தது.

"மூன்று மாதத்தில் இவர்கள் வாசித்தாக வேண்டும்" என்று உத்தரவு போட்டான். அந்த வேலை உமையாளுக்கு வந்தது. அந்தப்புரத்துப் பெண்களுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

அரண்மனை மேலாளர் காளத்திநாதருக்கு இது பொறுக்கவில்லை. அந்த வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கித்தர நினைத்திருந்தார். ஆனால் வகுப்புக்கு இடம் ஒதுக்குவது அவர் கையில் இருந்தது. யானைக் கொட்டடிக்கும் முரசு கட்டும் பட்டறைக்கும் நடுவே, சன்னலே இல்லாத வைக்கோல் அறையைக் கொடுத்தார். நேரத்தையும் அவரே குறித்தார். இராக்காவல் முடிந்த கையோடு, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். அதோடு தானே பிரம்புடன் வந்து பின்னால் நின்றுகொண்டு, யாராவது தப்பாக வாசித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

உமையாள் என்னென்னவோ செய்து பார்த்தாள். மணலில் எழுத வைத்தாள், இருட்டில் மணலே தெரியவில்லை. உரக்கச் சொல்ல வைத்தாள், முரசுச் சத்தம் அதை விழுங்கியது. "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, கண்ணு சொருகுது" என்பார் மீசை நரைத்த காவலர் வைரவன். இடத்தை மாற்றித்தரச் சொல்லி அவள் மூன்று தடவை கேட்டாள். "பாடம் சொல்லத் தெரிந்தவளுக்கு இடம் எதற்கு?" என்று காளத்திநாதர் அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. சபையில் சோதனை நடந்தபோது ஒருவராலும் ஒரு வரி வாசிக்க முடியவில்லை.

"மகாராஜா, அந்த அறை..." என்று உமையாள் ஆரம்பித்ததுமே காளத்திநாதர் குறுக்கிட்டார். "இடத்தின் மேல் பழி போடுகிறாள், மகாராஜா. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் எங்கே உட்கார்ந்தும் சொல்லிக்கொடுப்பார்."

ராஜா யோசிக்கவே இல்லை. "நாளை பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விடு" என்றான்.

உமையாள் வீட்டை நினைத்தாள். நடக்க முடியாத அப்பாவை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது?

அப்போது அமைச்சர் சாத்தப்பர் எழுந்தார். "காளத்திநாதர் சொன்னதை அவரே நிரூபித்துவிட்டால், இந்தத் தண்டனையை ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மகாராஜா."

"எப்படி நிரூபிப்பது?"

"நாளை அதே அறையில் அவர் தங்களுக்கு நாலு வரிப் பாட்டு ஒன்று சொல்லித்தரட்டும். ஒரு தடவை கேட்டாலே தங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும், அது நாடறிந்த சங்கதி. ஆனால் அங்கே தினமும் நடப்பது எதையும் மாற்றக் கூடாது. அதற்குத் தங்கள் வாக்கு வேண்டும்."

புகழ்ச்சியில் ராஜா குளிர்ந்துபோனான். "வாக்குத் தந்தோம்."

அமைச்சரும் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் உமையாள் நினைத்தாள்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் ராஜாவுக்கு விஷயம் புரிந்தது. இராக்காவலும் அதில் சேர்த்தி. விடியவிடியக் கோட்டை வாசலில் நின்றுவிட்டு, சிவந்த கண்ணும் காலி வயிறுமாக வைக்கோலில் வந்து உட்கார்ந்தான். பின்னால், தினமும் காளத்திநாதர் நிற்கும் இடத்தில், வைரவன் பிரம்போடு நின்றார். ஓரத்தில் உமையாளும் நின்றாள்.

"கார்முகில் போலக் கொடுத்திடும் கையான்" என்று காளத்திநாதர் தொடங்கினார். பக்கத்தில் முரசு அதிர்ந்தது.

"கார்முகில் போலக் கெடுத்திடும் கையான்" என்றான் ராஜா.

வைரவன் சிரிக்க வேண்டிய இடம் அது. பயத்தில் இருமல் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. ராஜா வெடுக்கென்று திரும்பினான்.

"தினமும் நடப்பதுதான், மகாராஜா" என்றார் சாத்தப்பர் பணிவாக.

இரண்டாம் வரியில் யானை பிளிறியது. மூன்றாம் வரியில் ராஜா கொட்டாவி விட்டான். ஒரு நாழிகை போயும் ராஜாவால் முதல் வரியைக்கூடச் சரியாகத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அடுத்தது எங்கே சிரிப்பார்களோ என்ற நினைப்பில் தெரிந்த சொல்லும் மறந்துபோயிற்று.

சாத்தப்பர் மெல்லக் கேட்டார். "காளத்திநாதரே, பாட்டு ஏறவில்லையே. மகாராஜாவுக்கு அறிவு போதாதோ?"

"ஐயையோ, நான் எங்கே அப்படிச் சொன்னேன்?"

"அப்படியானால் உமக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. நேற்று விதித்த தண்டனை உமக்கும் பொருந்தும்."

காளத்திநாதருக்கு வேர்த்துக் கொட்டியது. "அதில்லை அமைச்சரே. இந்த இருட்டு, இந்தச் சத்தம்... இங்கே யார் சொல்லிக்கொடுத்தாலும்..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இந்த அறையைக் கொடுத்தது யார்?" என்றான் ராஜா.

காளத்திநாதர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். உமையாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது போல இருந்தது.

ராஜா அவள் பக்கம் திரும்பினான். "நீ சொல்லவந்ததைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன், அம்மா. உனக்கு என்ன வேண்டும்?"

"வெளிச்சம் உள்ள இடம், மகாராஜா. இவர்கள் தூங்கி எழுந்து கஞ்சி குடித்த பிறகு ஒரு நேரம். பிரம்பு வேண்டாம்."

ராஜா தான் சொக்கட்டான் ஆடும் கீழ்வாசல் மண்டபத்தையே அவளுக்குக் கொடுத்தான், கூடவே ஒரு பட்டுச் சால்வையும். சாத்தப்பருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். காளத்திநாதர் மூன்று மாதம் அந்த வைக்கோல் அறையில் உட்கார்ந்து தன் அலுவலைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. உமையாள் வீட்டுக்குப் போய், கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கினாள்.

பத்து நாள் கழித்து மண்டபத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வைரவன் எழுத்துக் கூட்டித் தன் பேரை வாசித்துவிட்டு, தப்பில்லையே என்பதுபோல் உமையாளைப் பார்த்தார். அந்த நேரம் ராஜா அந்த வழியாக வந்தான். வழக்கம்போல் வரவை முழங்க வாய் திறந்தான் கட்டியக்காரன். ராஜா அவன் வாயைப் பொத்தினான்.

"உள்ளே பாடம் நடக்கிறது" என்று கிசுகிசுத்துவிட்டு, பாதரட்சையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் நடந்துபோனான்.

உமையாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "தப்பில்லை வைரவரே, அடுத்ததை வாசியுங்கள்" என்றாள்.